மேற்படிப்பில் இடம் கிடைக்காதபோது



சில மாதங்களுக்கு முன்னர், மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், என் பழைய மாணவி ஒருத்தி பாடசாலைக்கு வந்தாள். ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவள். தாயார் கொழுந்து பறிப்பவர், தந்தையார் காலமாகிவிட்டார். அவர்களுடைய லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதற்பிள்ளை அவளே. உளவியலை ஒரு பாடமாகக் கொண்டு கலைப்பட்டம் பெற்றவள். அதே துறையில் முதுநிலைக் கல்வி பெற விரும்பி இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். நனைந்த குடையை வாயிலிற் சாய்த்து வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். தெரிவாகவில்லை என்பதை மிக மரியாதையான மொழியில் அறிவிக்கும் மடல் ஒன்று அதில் இருந்தது.

“இதோடு இரண்டும் இல்லையென்று ஆகிவிட்டது, சேர். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இனி நான் என்ன செய்வது?” என்று கேட்டாள்.

அன்று அவளுக்கு நான் சொன்னவற்றையும், சொல்லத் தவறிப் பின்னர் நினைத்துக்கொண்டவற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மட்டுமன்றி, பட்டம் பெற்ற பின்னர் அடுத்த படியில் இடம் கிடைக்காது நிற்கும் பிள்ளைகள் எங்கெங்கு உளரோ அங்கெல்லாம் இக்கேள்வி எழுகின்றது.

முதலில், இடம் கிடைக்காமை என்பது எதைக் குறிக்கின்றது, எதைக் குறிக்கவில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

உளவியல் மேற்படிப்பு, அதிலும் சிகிச்சை உளவியல், வெறும் புத்தகப் படிப்பன்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இத்துறையில் முதுதத்துவமாணிக் கற்கைநெறி ஒன்றை நடத்துகின்றது. அதிற் சேர்பவர் நோயாளரை நேரிற் கண்டு, தேர்ந்த ஒருவரின் மேற்பார்வையிலே தொழில் பழகவேண்டும். நம் தேயிலைத் தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். ஒரு டீமேக்கரின் கீழ் ஒரே நேரத்தில் எத்தனை பேர் தொழில் பழக முடியும்? ஒருவர், மிஞ்சினால் இருவர். ஐம்பது பேரை நிறுத்தினால் ஒருவருக்கும் தொழில் வராது, தேயிலையும் கெடும். மனித மனத்தைக் கையாளும் தொழிலிலும் இதுவே நிலை. ஆகையால் இடங்கள் குறைவு. பெங்களூரிலே 1974ஆம் ஆண்டு இரு நிலையங்கள் இணைந்து உருவான தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமாகிய நிம்ஹான்சிலும், விண்ணப்பிப்போர் பலராகவும் இடம் பெறுவோர் சிலராகவுமே இருக்கின்றனர்.

இதற்கு மேல் நம் பிள்ளைகளுக்கு இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று மொழி. தமிழிற் படித்துப் பட்டம் பெற்றவர், மேற்படிப்பில் ஆங்கில நூல்களையும் ஆங்கிலத் தேர்வையும் எதிர்கொள்ள நேர்கின்றது. மற்றொன்று பட்டத்தின் தன்மை. இத்தகைய கற்கைநெறிகள் பெரும்பாலும் உளவியலிற் சிறப்புப் பட்டம் பெற்றவரையே எதிர்பார்க்கின்றன. உளவியலை மூன்று பாடங்களில் ஒன்றாகப் படித்த பொதுப் பட்டதாரிக்கு அவ்வாசல் எளிதில் திறப்பதில்லை. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மறுப்பு மடல் “நீ இதற்கு ஏற்றவள் அல்லள்” என்று சொல்லவில்லை என்பது புலனாகும். “இந்த ஆண்டு, இந்தத் தகைமையோடு, இந்த இடத்தில் இல்லை” என்பதே அது சொல்வது.

இரண்டாவதாக, அந்தப் பிள்ளையிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். “மகள், உனக்கு வேண்டியது உளவியலாளர் என்ற பெயரா, அல்லது அவர் செய்யும் வேலையா?” அவள் உடனே விடை சொல்லவில்லை. அவளைக் குறை கூறுவதற்கு நான் அதைக் கேட்கவில்லை. எனக்கே ஒருகாலத்தில் அதற்கு விடை தெரியாதிருந்தமையாற் கேட்டேன்.

நானும் இளமையில் இதே துறையை விரும்பியவன். கலைப்பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன், இடம் கிடைக்கவில்லை. ஆசிரிய நியமனம் கிடைத்தது. ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சென்றேன். மனம் மட்டும் கொழும்பிலேயே இருந்தது. வகுப்பில் எழுத்து வேலை கொடுத்துவிட்டு, மேசையில் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. அவ்வகுப்பின் மூன்றாம் வாங்கில் ஒரு பையன் இருந்தான். முதலில் நன்றாகப் பேசியவன், மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தான். பின்னர் எழுதுவதைக் குறைத்தான். பின்னர் வருவதையும் குறைத்தான். நான் அதைக் கண்டேன். ஆனால் என்னவென்று கேட்கவில்லை. ஒருநாள் அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். தாயார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு சென்றிருந்ததும், வீட்டில் நடந்தவையும் அதன் பின்னரே எனக்குத் தெரியவந்தன.

மனித மனத்தை ஆராய இடம் வேண்டும் என்று நான் எங்கோ விண்ணப்பித்துக்கொண்டிருக்க, என் கண் முன்னே இருந்த ஒரு மனத்தை நான் பார்க்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. இடம் கிடைக்காமற் போனதைப் பற்றி வருத்தம் இல்லை.

உளவியலின் வரலாற்றைப் புரட்டினால், வகுப்பறையிலிருந்து அத்துறைக்கு வந்த பெரியோர் பலரைக் காணலாம். மூவரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலாமவர் உருசிய நாட்டு லெவ் வைகோட்ஸ்கி. 1896ஆம் ஆண்டு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். அக்காலத்தில் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்க்கு நூற்றுக்கு மூன்று இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. 1913ஆம் ஆண்டு அவ்விடங்களையும் திறமையைக் கொண்டன்றிச் சீட்டுக் குலுக்கி வழங்கினார்கள். குலுக்கலில் அவருக்கு இடம் கிடைத்தது, படித்ததோ சட்டம். 1917இற்குப் பின் கோமெல் என்னும் ஊரிலே ஆசிரியராக இலக்கியம் கற்பித்தார். அவ்வூர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலே தாமே ஒரு சிறிய உளவியற் பரிசோதனைக் கூடத்தை அமைத்தார். 1924இல் ஒரு மாநாட்டில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டே மொஸ்கோவிலிருந்து அவரை அழைத்தனர். 37ஆவது வயதிற் காசநோயால் அவர் இறந்தார். குழந்தை தன்னினும் தேர்ந்தவரின் துணையோடு கற்கும் முறைபற்றி அவர் எழுதியவற்றை இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியிற் கற்பிக்கிறார்கள்.

இரண்டாமவர் அன்னா பிராய்ட். புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டின் மகளாயினும், அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். வியன்னாவிலே ஆரம்ப வகுப்பு ஆசிரியையாகத் தொழில் தொடங்கியவர். குழந்தைகளோடு பழகிய அவ்வனுபவமே, பின்னர் குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வு முறையை வகுக்க அவருக்குத் துணையாயிற்று. மூன்றாமவர் எரிக் எரிக்சன். ஓவியம் பயின்று, அதையும் முடிக்காமல் ஊர் ஊராகத் திரிந்தவர். 1927இல் நண்பர் ஒருவரின் அழைப்பின் பேரில் வியன்னாவில் ஒரு சிறு பாடசாலையில் ஆசிரியரானார். அங்கேதான் அன்னா பிராய்டிடம் பயிற்சி பெற்றார். பட்டம் எதுவும் பெறாத அவர் பிற்காலத்தில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

நேயர்களே, இவர்களைப்போல நாமும் பட்டமின்றியே உளவியலாளர் ஆகிவிடலாம் என்று சொல்வதற்காக இதைக் கூறவில்லை. அக்காலத்தில் அத்துறைக்கு இன்றைய கட்டுப்பாடுகள் இருக்கவில்லை. இன்று உள்ளன, இருக்கவும் வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. அம்மூவரும் கையிற் கிடைத்த வேலையை, விரும்பிய வேலையிலிருந்து விலகிய ஒன்றாக நினைக்கவில்லை. அதனுள்ளேயே தாம் விரும்பியதைக் கண்டார்கள். நம் மலைநாட்டில் அவ்வாறு காணக்கூடிய வழிகள் எவை என்பதை இனிப் பார்ப்போம்.

முதல் வழி ஆசிரியப் பணி. அரசாங்கம் பட்டதாரிகளை ஆசிரியராகச் சேர்க்கும்போது விண்ணப்பிக்கலாம். அது ஆண்டுதோறும் நிகழ்வதன்று. வர்த்தமானி அறிவித்தலைக் கவனித்திருக்க வேண்டும். நியமனம் பெற்றபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் படிக்கலாம். 1980ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொழில் செய்துகொண்டே அதைப் படிக்க வழி செய்கின்றது. கண்டியில் அதற்குப் பிராந்திய நிலையமும் உண்டு. கல்வி உளவியல் அந்த டிப்ளோமாவின் முக்கிய பாடங்களில் ஒன்று. அங்கிருந்து கல்வி முதுமாணிக்கும் செல்லலாம். பாடசாலைகளில் வழிகாட்டல், ஆலோசனைக்கென ஓர் ஆசிரியர் பொறுப்பேற்கும் ஏற்பாடும் உள்ளது. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வந்ததே 1970களில்தான். அவற்றிற் படிக்கும் பிள்ளையின் மொழியையும் வீட்டையும் அறிந்த பட்டதாரி ஒருவர் அப்பொறுப்பை ஏற்பது எத்துணைப் பயன் தரும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வழி சமூகப் பணி. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு சமூகப் பணிக்கான பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக விளங்குகின்றது. சமூகப் பணியிற் பட்டமும் முதுமாணியும், உளவளத்துணையில் டிப்ளோமாவும் அங்கு வழங்கப்படுகின்றன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்னும் பதவிகள் உண்டு. நன்னடத்தைத் திணைக்களமும், 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையும் உண்டு. மதுவால் அல்லலுறும் குடும்பமும், பாடசாலையை விட்டு நின்ற சிறுவனும் முதலிற் சந்திப்பது சிகிச்சை உளவியலாளரை அன்று, இத்தகைய உத்தியோகத்தரையே. அவர் தமிழிற் பேசுவாரா என்பது அக்குடும்பத்திற்கு மிகப் பெரிய செய்தி.

மூன்றாம் வழியை நம்மவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அது பிள்ளைமடுவம். தாய்மார் மலைக்குக் கொழுந்துக்குப் போன வேளையில், நம் தோட்டங்களின் குழந்தைகள் நாளின் பெரும்பகுதியைப் பிள்ளைமடுவத்திற் கழிக்கின்றன. முன்னர் அது பிள்ளையைக் காவல் காக்கும் இடமாக மட்டுமே இருந்தது. இன்று பல தோட்டங்களில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் அதற்குப் பொறுப்பாக உள்ளனர். பேச்சும் விளையாட்டும் அன்பும் ஒரு குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு முக்கியம் என்பதை உளவியல் படித்தவர் அறிவர். அறிந்தவர் அங்கே சென்றால், அவ்வறிவுக்கு அதைவிடச் சிறந்த வேலை வேறெங்கும் இராது.

நான்காவது, தொண்டு. வேறு தொழில் செய்துகொண்டே இதைச் செய்யலாம். 1974இல் நம் நாட்டிலே தொடங்கப்பட்ட சுமித்திரயோ என்னும் அமைப்பு, மனம் நொந்தோரின் துயரைச் செவிமடுப்பதற்குப் பொதுமக்களிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து வருகின்றது. பிற நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. இந்தியாவின் கோவாவிலே, மருத்துவப் பட்டமற்ற ஊரவர்க்குப் பயிற்சி அளித்துச் சுகாதார நிலையங்களில் ஆலோசகராக அமர்த்தினார்கள். அரசாங்க நிலையங்களுக்கு வந்த நோயாளரிடையே அது நற்பயன் அளித்ததென 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஆபிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டின் தலைநகரிலே 2006ஆம் ஆண்டு டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர், பாட்டிமார் 14 பேருக்குப் பயிற்சி கொடுத்து மருத்துவ நிலையங்களின் வெளியே வாங்குகளில் அமரச் செய்தார். அதன் பயனும் 2016இல் ஆய்வினால் உறுதிப்பட்டது. அந்நாட்டு மொழியிலே மனத்துயருக்கு வழங்கும் சொல்லின் பொருள் ‘அளவுக்கு மீறி யோசித்தல்’ என்பதாம். நம் லயங்களிலும் தாய்மார், “எந்நேரமும் ஒரே யோசனையாக இருக்கிறது” என்று சொல்வதை நாம் கேட்பதில்லையா? அச்சொல்லை மொழிபெயர்ப்பின்றி விளங்கிக்கொள்பவர் நம்மவரே.

ஐந்தாவது வழி, சட்டமும் நிர்வாகமும். இலங்கையில் 1995ஆம் ஆண்டு இலட்சம் பேரில் 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அதுவும் ஒன்று. அடுத்த பத்தாண்டுகளில் அவ்வளவு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இதற்கு முக்கிய காரணம், 1995இலும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமையே என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆகவே, எத்தனையோ உயிர்களைக் காத்த பணியில், ஆலோசனை அறையில் அமர்ந்தோர் மட்டுமன்றி, பீடைகொல்லிகளைப் பதிவுசெய்யும் அலுவலகத்திற் கோப்புகளைப் பார்த்தோரும் பங்குகொண்டனர். நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிக்கும் பட்டதாரி, மனநலத்தைக் கைவிட்டவர் ஆகமாட்டார்.

வழிகளைச் சொன்னேன். எச்சரிக்கைகள் சிலவும் சொல்லவேண்டும்.

முதலாவது, சில வார வகுப்புக்குச் சென்று சான்றிதழ் பெற்றவுடன் தம்மை உளவியலாளர் என்று அழைத்துக்கொள்ளலாகாது. கடுமையான மனநோயை இனங்கண்டு, உரிய மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்திருப்பதே நல்ல உதவியாளரின் முதல் இலக்கணம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் இலக்கத்தில் தொலைபேசி வழியாக உதவுகின்றது; அவ்விலக்கத்தை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருத்தல் நன்று. இரண்டாவது, பெருந்தொகை பெற்றுக்கொண்டு பெயருக்குப் பட்டம் தரும் நிலையங்கள் பல தோன்றியுள்ளன. பணம் கட்டுமுன், அப்பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்று எழுத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தாயின் சேமலாபப் பணத்தை நம்பி அதில் இறங்குவது பெருந்தவறு. மூன்றாவது, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று வீட்டிற் சும்மா இருப்பது. அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால், சென்ற ஆண்டின் அதே தாளோடு விண்ணப்பித்தால் அதே விடையே வரும்.

எனவே, அன்று அந்தப் பிள்ளையை ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். மூன்று பகுதியாகப் பிரிக்கச் செய்தேன். முதற்பகுதியில், வீட்டிற்கு இந்த ஆண்டு எவ்வளவு வருமானம் அவசியம் என்பதை எழுதினாள். இதை முதலில் எழுதச் செய்ததற்குக் காரணம் உண்டு. வயிற்றுக்கு விடை சொல்லாத திட்டம் மூன்று மாதத்தில் முறிந்துவிடும். இரண்டாம் பகுதியில், உடனே விண்ணப்பிக்கக்கூடிய வேலைகளையும் கற்கைநெறிகளையும், அவற்றின் முடிவுத் திகதிகளோடு எழுதினாள். மூன்றாம் பகுதியில், மறுமுறை விண்ணப்பிக்குமுன் திருத்திக்கொள்ள வேண்டியவற்றை எழுதினாள்: ஆங்கில வாசிப்பு, ஒரு சிறு ஆய்வு, பேராசிரியர் ஒருவரின் பரிந்துரை, மக்களோடு பணியாற்றிய அனுபவம். இரண்டாம் பகுதியில் உள்ள வேலைகளே மூன்றாம் பகுதியின் குறைகளை நிரப்பும் என்பதை எழுதி முடித்தபோது அவளே கண்டுகொண்டாள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை இடம் கிடைக்கவில்லை என்று வந்து சொல்லும்போது, அயலவரின் பிள்ளையை எடுத்துக் காட்டாதீர்கள். இவ்வளவு படித்தும் என்ன பயன் என்றும் கேளாதீர்கள். சோறு போட்டு, உறங்கவிடுங்கள். மறுநாட் காலையில், அடுத்தது என்ன என்று பிள்ளையே பேச்செடுக்கும். எடுக்காவிட்டால் நீங்கள் மெதுவாகக் கேளுங்கள்.

அந்தப் பிள்ளை அன்றிரவே தாயாரிடம் சொல்லிவிட்டாள். “அவ்வளவுதானா? நீ முகத்தை வைத்திருந்ததைப் பார்த்து வேறு என்னவோ என்று பயந்தேன்” என்று அத்தாய் சொன்னாராம். இப்போது அவள் ஒரு தோட்டத்தின் பிள்ளைமடுவத்திற் பணியாற்றுகிறாள். மாலையில் ஆங்கிலம் படிக்கிறாள். அடுத்த முறை மீண்டும் விண்ணப்பிக்கப்போவதாகச் சொல்கிறாள். இடம் கிடைக்குமோ என்னவோ, அதை நான் அறியேன். சென்ற வாரம் என்னைக் கண்டபோது அவள் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. மூன்று வயதாகியும் பேசாதிருந்த ஒரு குழந்தையைப் பற்றியே பேசினாள். அதன் காது கேட்கின்றதா என்று ஐயுற்று, வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்கிறாள்.

என் வகுப்பின் மூன்றாம் வாங்கு எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று நான் கேளாமல் விட்டதை, இந்தப் பிள்ளை தானாகவே கேட்டிருக்கிறாள்.